உடைந்த ஸ்டட்டும் ஒரு நெயில் பாலிஷும்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குக் காது கொஞ்சம் கூர்மையாகத்தான் இருக்கும். புதுக்கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டைப் போட்டுக்கொண்டு ஜாலியாகப் போவார்கள். நாங்கள் பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, "இப்ப ஒரு சத்தம் வந்துச்சே, கேட்டுச்சா?" என்று பக்கத்து சீட்டில் இருப்பவர் உயிரை எடுத்துக்கொண்டே போவோம்.

சத்தத்தில் வகை வகையாக உண்டு. ஸ்டார்ட் பண்ணியதும் 'கீஈஈச்' என்றால் பெல்ட். வேகம் ஏற ஏற 'ஊஊம்' என்று கூடவே ஏறினால் வீல் பேரிங். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக் டக்' என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். இதெல்லாம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம். ஆனால் வேகத்தடையில் ஏறும்போது கம்மென்று இருந்துவிட்டு, இறங்கும்போது மட்டும் முன்பக்கத்தில் இருந்து 'லொடக்' என்று ஒன்று வந்தால்? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

எங்கள் கார் 2002 மாடல் மிட்சுபிஷி லான்சர். பெயர்தான் ஜப்பான், பிறந்தது திருவள்ளூரில். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் இருந்து அங்கேதான் லான்சரைத் தயாரித்தது. நாங்கள் இருப்பது கொரட்டூர். ஆக, காரும் நாங்களும் அதே அரக்கோணம் லைன்காரர்கள் :-) அப்பா 2010-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். நான் அப்போது எட்டாம் வகுப்பு. கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அதில்தான். பதினைந்து வருஷம் ஆனதும் ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தார், அது முடிந்ததும் மறுபடி புதுப்பித்தார். "வித்துடலாம்ப்பா" என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பிடுங்குவது சாஃப்ட்வேர் ஆணி. காலேஜில் இருந்து வெளியே வந்த பிறகு நிஜமான ஸ்பேனரைத் தொட வைத்தது இந்தக் கார் மட்டும்தான்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம். தங்கைக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை வேலூரில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடித்துக்கொண்டு அன்றைக்கே அவளை இங்கே அழைத்து வருவதாக ஏற்பாடு. வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னதற்கு, "எம் பொண்ண கூட்டிட்டு வர எவன் வண்டியோ எதுக்கு?" என்று அப்பா முடித்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் அந்த 'லொடக்' கேட்டது.

பானெட்டைத் திறந்தேன். லான்சரில் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும், சக்கரத்துக்கு நேர் மேலே, குடத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இரண்டு மேடு இருக்கும். ஸ்ட்ரட் டவர் என்பார்கள். ஸ்பிரிங்கும் ஷாக்கப்சரும் சேர்ந்த ஸ்ட்ரட், அந்தக் குடத்துக்குள் கீழே இருந்து வந்து உட்காரும். அதன் உச்சியில் ரப்பரும் இரும்புத் தகடும் சேர்ந்த ஒரு மவுண்ட். அந்தத் தகட்டில் இருந்து மூன்று ஸ்டட்கள் (தலையில்லாத போல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்) டவரின் மூன்று ஓட்டைகள் வழியாக மேலே எட்டிப்பார்க்கும். அவற்றின் மேல் மூன்று நட்டு. அவ்வளவுதான் விஷயம்.

டிரைவர் பக்கம் இரண்டு நட்டுதான் இருந்தது. மூன்றாவது இடத்தில், ஓட்டைக்குள் மொட்டையாக ஒரு இரும்பு வட்டம். தேடினேன். நட்டு, உடைந்த ஸ்டட் துண்டை வயிற்றில் வைத்துக்கொண்டு, பேட்டரிக்குப் பக்கத்தில் சமர்த்தாகக் கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இந்தக் கதையில் முக்கியமான சாட்சி அதுதான்.

வழக்கமான பட்டறைக்கு வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனோம். நடந்து போகும் தூரம்தான். அண்ணன் குனிந்து பார்த்தார். விரலால் மொட்டையைத் தடவினார். "ஒண்ணும் இல்ல தம்பி. பத்து நிமிஷ வேலை. மேல ஒரு போல்ட்ட நிக்க வச்சு சுத்தி வெல்டிங் அடிச்சிட்டா முடிஞ்சுது. ஸ்ட்ரட்ட கழட்டவே வேணாம்."

அப்பா முகத்தில் ஆயிரம் வாட்ஸ். எனக்கு வயிற்றில் புளி கரைத்தது.

"வேணாண்ணே" என்றேன்.

"ஏன்? அண்ணன் இருபது வருஷமா வண்டி பாக்குறாரு. நீ உன் கம்ப்யூட்டர்ல ரிப்பேர் பண்ணு" என்றார் அப்பா.

காரணங்களைச் சொன்னேன். ஒன்று, வெல்டிங் அடிக்கிற இடத்துக்கு ரெண்டு விரக்கடை தள்ளி ரப்பர். கீழே பேரிங். சூட்டில் ரெண்டும் கெடும். இரண்டு, இந்த மாதிரி ஸ்டட்களைச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி பதமாகச் சூடாக்கித்தான் அந்தப் பலத்தைக் கொடுக்கிறார்கள். கத்தியைத் துவைச்சல் போடுகிற மாதிரி. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வளையம் நொறுங்குகிற மாதிரி ஆகிவிடும், அல்லது மெத்தென்று ஆகிவிடும். மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அது ஏன் உடைந்தது என்று தெரியாமல் ஒட்டுப் போடுவதில் என்ன அர்த்தம்?

"அது ஸ்பீட் பிரேக்கர்ல வேகமா ஏத்தி இறக்கி உடைஞ்சிருக்கும்" என்றார் அண்ணன். அப்பா வேறு பக்கம் பார்த்தார்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஸ்டட் பத்து எம்எம் கனம். 8.8 தரம் என்று வைத்துக்கொள்வோம். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். முதல் 8 என்பது, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுத்தால்தான் அறுந்துபோகும் என்று அர்த்தம். இரண்டாவது 8, அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை இழுத்தாலும் விட்டதும் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும் என்று அர்த்தம். மரையின் பள்ளத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 1.25 எம்எம் மரை போட்ட பத்து எம்எம் ஸ்டட்டில் 61 சதுர மில்லிமீட்டர் இரும்பு தேறும். பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட 5 டன். ஒரே ஒரு ஸ்டட்டில். எங்கள் காரின் மொத்த எடையே சுமார் ஒரு டன்தான்.

அதைவிட வேடிக்கை, காரின் எடை அந்த ஸ்டட்களின் மேல் வருவதே இல்லை. ஸ்பிரிங் கீழே இருந்து மவுண்ட்டை டவரோடு சேர்த்து மேல்நோக்கி அழுத்துகிறது. எடையைத் தாங்குவது டவரின் தகடு. ஸ்டட்டின் வேலை, மவுண்ட் ஆடாமல் அசையாமல் டவரோடு ஒட்டி இருக்கும்படி பிடித்துக்கொண்டிருப்பது. வேகத்தடையில் இருந்து இறங்கும்போதோ பள்ளத்தில் விழும்போதோ சக்கரம் ஒரு கணம் கீழே தொங்கப் பார்க்கும், பாருங்கள், அப்போது கீழ்நோக்கி ஒரு வெட்டு இழுக்கும். அதைத்தான் அவை தாங்கவேண்டும். 'லொடக்' ஏறும்போது வராமல் இறங்கும்போது வந்தது இதனால்தான்.

அப்படியானால் 5 டன் தாங்கும் ஸ்டட் எப்படி உடைந்தது?

சட்டைப்பையில் இருந்த சாட்சியை எடுத்தேன். நட்டுக்குள் இருந்த துண்டின் உடைந்த முகத்தை டீசலில் கழுவி, மொபைல் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். ஒரே இழுப்பில் அறுந்திருந்தால் ஸ்டட் கழுத்து மெலிந்து நீண்டு அறுந்திருக்கும். இது அப்படி இல்லை. முகத்தில் முக்கால்வாசி வழுவழுவென்று, பழுப்பேறி, ஒரு ஓரத்தில் இருந்து கிளம்பி வட்டம் வட்டமாக விரியும் மெல்லிய கோடுகள். கடற்கரை மணலில் அலை விட்டுப்போகும் கோடுகள் போலவே இருக்கும். ஆங்கிலத்திலும் கடற்கரைக் கோடு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மீதி கால்வாசி மட்டும் சர்க்கரையை உடைத்த மாதிரி பொரபொரவென்று பளபளப்பாக இருந்தது. அந்தக் கால்வாசிதான் திங்கட்கிழமை உடைந்தது. மற்ற முக்கால்வாசி பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பழுப்பு, உள்ளே புகுந்த ஈரத்தின் துரு.

இதற்குப் பெயர் ஃபெட்டீக். உலோகச் சோர்வு. 1842-ல் பிரான்சில் வெர்சாயில் இருந்து பாரிஸ் போன ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, தீப்பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நல்ல தடிமனான அச்சு, ஏன் முறிகிறது என்று யாருக்கும் புரியவில்லை. அதன் பிறகு ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் பல வருஷம் ரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதனை செய்து கண்டுபிடித்துச் சொன்னார்: ஒரே தடவையில் உடைக்க முடியாத சின்ன பாரம்கூட, லட்சக்கணக்கான தடவை மாறி மாறி வந்தால் இரும்பை உடைத்துவிடும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் கதைதான்.

சரி, மற்ற கார்களில் எல்லாம் ஸ்டட் சோர்ந்துபோவதில்லையே. இங்கேதான் நிறையப் பேர் நினைப்பதற்கு நேர்மாறான விஷயம் வருகிறது. அதிகமாக இறுக்கியதால் அல்ல, இறுக்கம் குறைந்ததால் உடைந்த ஸ்டட் இது.

சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை விண்ணென்று இழுத்துக் கட்டினால், பள்ளத்தில் விழுந்தாலும் மூட்டையும் கேரியரும் ஒன்றாகக் குதிக்கும். கயிற்றுக்கு ஏற்கனவே இருக்கும் இழுவைதான், புதிதாக ஒன்றும் பெரிதாகச் சேராது. அதே கயிறு தொளதொளவென்று இருந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் மூட்டை எழும்பி வந்து கயிற்றை அடிக்கும். பத்து கிலோமீட்டர் போவதற்குள் பிசிறு கிளம்பிவிடும். ஸ்டட்டும் அப்படித்தான். நட்டைச் சரியாக இறுக்கும்போது ஸ்டட் ரப்பர் பேண்ட் போல நூலளவு நீள்கிறது. அந்த நீட்டம்தான் பிடி. பிடி இருக்கும் வரை வெளியில் இருந்து வரும் அடி ஸ்டட்டுக்குள் கொஞ்சமாகத்தான் போகும். பிடி போனால் முழு அடியும் ஸ்டட்டுக்குத்தான், அதுவும் நட்டு கடிக்கும் முதல் மரையில். நட்டு தாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு அந்த முதல் மரையின் தலையில்தான் விழும். எங்கள் ஸ்டட் மிகச்சரியாக அங்கேதான் முறிந்திருந்தது.

அண்ணன் அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழைய வெட்டு" என்றார். அதற்கு மேல் வெல்டிங் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, ரப்பர் நல்லா இருக்கு. அந்த ஸ்டட்டு பல்லு போட்டு ப்ரெஸ் பண்ணதுதான். வேற மவுண்ட்ல இருந்து உருவி இதுல ஏத்தலாம். ஒரு பழைய மவுண்ட்டு புடிச்சிட்டு வாங்க" என்றார். என் மண்டையில் தோன்றாத வழி அது.

எனக்குத் தோன்றியது லேத்தில் புது ஸ்டட் கடைந்து போடுவது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கம்பெனி ஸ்டட்டில் மரையை வெட்ட மாட்டார்கள். உருளைகளுக்கு நடுவே அழுத்தி உருட்டி எடுப்பார்கள். இரும்பின் இழை அறுபடாமல் மரையோடு வளைந்துபோகும். லேத்தில் வெட்டினால் இழையும் வெட்டுப்படும். சோர்வு விஷயத்தில் உருட்டிய மரைதான் கெட்டி.

புதன்கிழமை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முதலில் ஜி.பி. ரோடு. லான்சர் என்றதும் இரண்டு கடையில் சிரித்தார்கள். ஒரு கடையில் டூப்ளிகேட் மவுண்ட் இருந்தது. ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினேன், பன் மாதிரி உள்ளே போனது. கும்பிடு போட்டுவிட்டுப் புதுப்பேட்டைக்கு நடந்தேன்.

புதுப்பேட்டையைப் பார்க்காதவர்களுக்கு: கார் என்பது ஒரே பொருள் என்ற எண்ணமே அங்கே போனால் போய்விடும். ஒரு கடை முழுக்கக் கதவு, ஒரு கடை முழுக்க ஹெட்லைட், ஒரு சந்து முழுக்க கியர்பாக்ஸ். கறுப்பு எண்ணெய் ஊறிய தரையில் நடந்து, நாலாவது கடையில் ஒரு பாய், "லான்சரா? பெட்ரோலா டீசலா? முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டுவிட்டு, மாடிக்கு ஆள் அனுப்பி இரண்டு மவுண்ட்களை இறக்கினார். ரப்பர் இரண்டிலும் கிழிந்துபோயிருந்தது. ஆனால் ஆறு ஸ்டட்களும் நேராக நின்றன. புது நட்டைக் கையால் ஒவ்வொன்றிலும் திருகிப் பார்த்தேன். ஐந்தில் விரலாலேயே அடி வரை ஓடியது. ஆறாவதில் பாதியில் நின்றது. எப்போதோ அதிகமாக இறுக்கி ஸ்டட் நீண்டுபோயிருந்தால் மரையின் இடைவெளி மாறி, நட்டு இப்படித்தான் பாதியில் பிடிக்கும். ஐந்து போதும். 1,200 சொன்னார், 900-க்கு முடிந்தது.

வியாழக்கிழமை காலை வேலை ஆரம்பம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஹோஸை ஸ்ட்ரட்டில் இருந்து விடுவித்தோம். கீழே இருக்கும் இரண்டு பெரிய போல்ட்களைக் கழற்றும் முன் அவை உட்கார்ந்திருந்த இடத்தில் அண்ணன் ஆணியால் கோடு கிழித்து வைத்தார். திரும்ப மாட்டும்போது சக்கரத்தின் சாய்வு ரொம்ப மாறாமல் இருக்க. மேலே மீதி இருந்த இரண்டு நட்டையும் கழற்றும்போது, ஒன்று ஸ்பேனர் வைத்ததுமே சுற்றியது. பிடியே இல்லை.

ஸ்ட்ரட் வெளியே வந்தது. மவுண்ட்டுக்கும் டவருக்கும் நடுவே தார் மாதிரி ஒரு கறுப்புப் பூச்சு பிதுங்கி நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு இடத்தில் ஷாக்கப்சர் மாற்றினோம். அப்போது துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் அண்டர்கோட்டிங்கை, இரும்பும் இரும்பும் சேரவேண்டிய முகத்திலும் சேர்த்து அடித்துவிட்டு மாட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு நட்டு இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். சென்னை வெயிலில் பூச்சு இளகி, நசுங்கி, பிதுங்கி, அந்த நூலளவு நீட்டத்தை முழுசாகத் தின்றுவிட்டது. நட்டு சுழலவே இல்லை, ஆனால் இறுக்கம் போய்விட்டது. அரை மில்லிமீட்டர் தார்தான் வில்லன்.

அடுத்து ஸ்பிரிங். இதை மட்டும் வீட்டில் முயற்சி பண்ணாதீர்கள். நூற்றுக்கணக்கான கிலோ வேகத்தை அடக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூதம் அது. கம்ப்ரசரை இரண்டு பக்கமும் மாட்டிச் சமமாக இறுக்கி, ஸ்பிரிங் தொளதொளத்த பிறகுதான் நடு நட்டைத் தொடவேண்டும். அண்ணன் அந்த நேரத்தில் என்னையும் பையனையும் பக்கவாட்டில் நிற்கச் சொன்னார். "மூஞ்சிக்கு நேரா நிக்காதீங்க" என்று அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

மவுண்ட் கைக்கு வந்ததும் லேத் பட்டறைக்குக் கொண்டு போகலாம் என்றேன். "இருங்க" என்றார். எங்கள் மவுண்ட்டில் மிச்சமிருந்த இரண்டு ஸ்டட், புதுப்பேட்டை ஸ்டட் ஐந்து, ஏழையும் டீசலில் நனைத்து ஊற வைத்தார். டீ குடித்துவிட்டு வந்து, துணியால் ஈரமே இல்லாமல் அழுத்தித் துடைத்தார். பள்ளிக்கூட சாக்பீஸைச் சுத்தியலால் பொடித்து மேலே தூவி, வெயிலில் வைத்தார்.

காலேஜ் லேபில் இதையே நாங்கள் சிவப்பு ஸ்பிரே, வெள்ளை ஸ்பிரே என்று பாட்டில் பாட்டிலாக அடித்துச் செய்திருக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் திரவம் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். மேலே துடைத்தாலும் உள்ளே இருப்பது மெல்லக் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடு போடும். அந்த ஸ்பிரே எல்லாம் வருவதற்கு ரொம்ப நாள் முன்பே ரயில்வே பட்டறைகளில் எண்ணெயும் சுண்ணப் பொடியும் வைத்து இப்படித்தான் அச்சுகளைச் சோதித்தார்கள். "யார்ணே சொல்லிக் குடுத்தது?" என்றேன். "எங்க மேஸ்திரி. அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியாது" என்றார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். புதுப்பேட்டை ஐந்தும் வெள்ளையாகவே இருந்தன. எங்கள் இரண்டில் ஒன்று வெள்ளை. இன்னொன்றில், முதல் மரையின் பள்ளத்தில், பாதி வட்டத்துக்கு மயிரிழை மாதிரி ஈரக்கோடு ஒன்று எழும்பி வந்தது.

யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்பா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார். உடைந்ததற்குப் பதில் மேலே ஒரு போல்ட்டை வெல்டிங் வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேலூருக்குக் கிளம்பியிருந்தால், அடுத்து உடையக் காத்திருந்தது இது. எங்கே உடைந்திருக்கும், எப்போது உடைந்திருக்கும் என்று தெரியாது. பின் சீட்டில் யார் இருந்திருப்பார்கள் என்று தெரியும்.

"மூணையும் மாத்திடு" என்றார் அப்பா. அண்ணனிடம்தான் சொன்னார், ஆனால் பார்த்தது என்னை.

லேத் பட்டறை ப்ரெஸ்ஸில் பழையதை உருவி, நல்ல ஸ்டட்களை ஏற்றினார்கள். கழுத்தில் இருக்கும் சின்னச் சின்னப் பற்கள் தகட்டில் இருக்கும் பழைய தடத்தில் சரியாக உட்காரும்படி அண்ணன் விரலால் தடவித் திருப்பி வைத்துக் கொடுத்தார். "பல்லு மேல பல்லு ஏறுனா ஓட்டை பெருசாயிடும். அப்புறம் நட்டு திருப்புறப்ப ஸ்டட்டும் சேந்து சுத்தும்." ஏறி உட்கார்ந்ததும் ஒவ்வொன்றையும் ஸ்பேனர் போட்டுத் திருப்பிப் பார்த்தோம். அசையவில்லை. டவரின் முகத்தையும் மவுண்ட்டின் முகத்தையும் உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்த்தோம். கறுப்புப் பூச்சு ஒரு பொட்டுகூட இல்லை. சுற்றி வெளிப்பக்கம் மட்டும் அப்புறம் பெயின்ட்.

கடைசியில் இறுக்கும் படலம். பத்து எம்எம் 8.8-க்குப் பொதுவாக 45 முதல் 50 நியூட்டன் மீட்டர் கொடுப்பார்கள். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வரும் திருப்பம். இதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டப் பயன்படும். மீதி எல்லாம் உராய்வுக்கே போய்விடும். அதனால்தான் மரையில் ஆயில் விட்டு அதே அளவுக்கு இறுக்கக் கூடாது. உராய்வு குறைந்து, அதே 50-க்கு ஸ்டட் ரொம்ப அதிகமாக இழுபட்டுவிடும்.

சக்கரம் தரையில் நின்றதும் நான் டார்க் ரெஞ்ச்சை எடுத்தேன். "முதல்ல நான் கையால வைக்குறேன், அப்புறம் நீங்க உங்க மிஷின்ல பாருங்க" என்றார் அண்ணன், சிரிக்காமல். 14 ஸ்பேனரில் மூன்றையும் மாற்றி மாற்றி இறுக்கினார். நான் 40-ல் வைத்துப் பார்த்தேன். 'டிக்', நட்டு நகரவில்லை. 45. 'டிக்', நகரவில்லை. 50. மூன்றும் ஒரு இம்மி நகர்ந்து 'டிக்'. 45-க்கும் 50-க்கும் நடுவே அவருடைய கை நின்றிருக்கிறது, மூன்று தடவையும்! ரெஞ்ச்சைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். அப்பாவிடம் இருந்து ஒரு பார்வை வந்தது, அதை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை வீல் அலைன்மென்ட். சனிக்கிழமை நானும் அப்பாவும் மட்டும் ஸ்ரீபெரும்புதூர் வரை போய் வந்தோம். அன்று சாயங்காலம் ஆறின வண்டியில் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வளையல் சத்தமும் ஐந்து வகைச் சாதமுமாக முடித்துவிட்டுத் திரும்பினோம். தங்கை பின் சீட்டில், பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே தாழ்த்திப் போட்டுக்கொண்டு, அம்மா தோளில் சாய்ந்து, வாலாஜா வருவதற்குள் தூங்கிவிட்டாள். வழியெல்லாம் வேகத்தடைகளில் அப்பா குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி வண்டியை இறக்கினார். பாட்டு போடவில்லை. நான் ஒரு காதை டிரைவர் பக்கம் வைத்திருந்தேன். கேட்டதெல்லாம் கையில் புதிதாக ஏறிய கண்ணாடி வளையல்களின் கிணுகிணுப்புதான்.

அடுத்த நாள் காலை அவளிடம் நெயில் பாலிஷ் கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சிவப்பில் ஒரு பாட்டிலைக் கொடுத்தாள். மூன்று நட்டுக்கும், நட்டில் இருந்து டவர் தகடு வரை நேராக ஒரு கோடு. விமானங்களிலும் பெரிய இயந்திரங்களிலும் செய்கிற வழக்கம்தான். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பேனரே வேண்டாம், பானெட்டைத் திறந்து கண்ணால் பார்த்தால் போதும்.

இப்போதெல்லாம் அப்பா ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படித்து முடித்ததும் கீழே போய் பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் நிற்கிறார். திரும்பி வந்து, "கோடு நேராத்தான் இருக்கு" என்கிறார்.

பி.கு.: சஸ்பென்ஷன் வேலை எது செய்தாலும், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒரு தடவை சரிபாருங்கள். கோடு, நட்டு திரும்பினால்தான் சொல்லும். எங்கள் காரில் நடந்தது போல, நட்டு திரும்பாமலே இறுக்கம் போனால் அது சொல்லாது. அதற்கு ரெஞ்ச்தான் வேண்டும், அல்லது அண்ணன் மாதிரி ஒரு கை.